பிரேக்கில் மீண்டும் மீண்டும் காற்று சேர்கிறதா? நுழையும் வழியைக் கண்டுபிடிக்கும் முறை

பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது, காற்றெடுத்ததும் சரியாகிவிடுகிறது, பத்து நாளோ ஒரு மாதமோ கழித்து மறுபடியும் அதே பஞ்சு. இந்த நிலைக்கு வந்த வண்டிக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது, நான்கு சக்கரங்களிலும் இன்னொரு முறை காற்றெடுப்பதுதான். அது பெடலைச் சில நாளைக்கு இறுக்கமாக்கும். ஆனால் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று சேர்ந்திருந்தது என்ற ஒரே தடயத்தையும் பழைய ஆயிலோடு சேர்த்து வெளியே கொட்டிவிடும். மூடிய அமைப்புக்குள் காற்று தானாகப் பிறப்பதில்லை. ஏதோ ஒரு வழியாக அது நுழைந்திருக்க வேண்டும், அல்லது முன்பே எங்கோ தங்கியிருந்து இப்போது வெளிப்பட்டிருக்க வேண்டும், அல்லது அது காற்றே அல்லாத வேறு கோளாறாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பிரித்தறிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் காற்றெடுப்பது ஓர் அளவீடாகவே பயன்படுத்தப்படுகிறது.

கீழே சொல்லப்படுவது ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் கொண்ட கார், வேன், சிறு பிக்கப் போன்ற வண்டிகளுக்கானது. காற்றழுத்தத்தால் இயங்கும் கனரக வண்டிகளின் பிரேக் முற்றிலும் வேறு. கலப்பின வண்டிகளிலும் மின்சார வண்டிகளிலும் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் மின்னணு அழுத்தக் கருவி இருக்கக்கூடும். சிலவற்றில் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே அது உயர் அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்கும் என்பதால், தயாரிப்பாளரின் செய்முறை இல்லாமல் அதன் இணைப்புகளைத் திறக்கக்கூடாது.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். காரணம் தெரியும்வரை வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாமல், உறுதியான தாங்கிகளையும் சக்கரக் கட்டைகளையும் வையுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும், கண்ணுக்குத் தீங்கு செய்யும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

எவ்வளவு காற்று போதும்?

நோயின் அளவு தெரிந்தால் தேடலில் பொறுமை வரும். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உட்குழல் விட்டம் 20.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதன் பரப்பு ஏறக்குறைய 333 சதுர மி.மீ. குழாயில் 1 மில்லிலிட்டர் காற்று இருந்தால், 70 பார் அழுத்தத்தில் அது ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப, பிஸ்டன் கிட்டத்தட்ட 3 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் நான்குக்கு ஒன்று என்றால், காலடியில் அது 12 மி.மீ. கூடுதல் இறக்கம். ஒரு மில்லிலிட்டர் என்பது சுமார் இருபது துளிகள். ஆகவே நாம் தேடுவது பெரிய ஓட்டையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு முறை பெடலை விடும்போது கண்ணுக்கே தெரியாத அளவு காற்றை உள்ளே விடும் ஒரு ரப்பர் விளிம்பு போதும்.

முதல் படி: அது காற்றுதானா?

"காற்று" என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் கணிசமானவற்றின் கோளாறு வேறாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. என்ஜினை நிறுத்திவிட்டு, காலின் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் தீரும்வரை ஐந்தாறு முறை பெடலை மிதியுங்கள். பிறகு சற்று இடைவெளி விட்டு, ஒரே சீராக, மெதுவாக அழுத்தி, கால் சொல்வதைக் கவனியுங்கள்.

பெடல் பஞ்சு போல அமுங்கி, அடுத்தடுத்து மிதிக்கும்போது உயர்ந்து இறுகினால், காற்றாக இருக்கலாம். பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கி, பிறகு கல் போல நின்று, இரண்டாம் மிதியில் மேலேயே நின்றால், அது பெரும்பாலும் பின்சக்கர டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டதன் அடையாளம். ஷூவைச் சரிசெய்தால் தீரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் லிட்டர் கணக்கில் ஆயிலை வடிப்பவர்கள் உண்டு. கால் எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால், வெளியே கசிவு இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலை அடைக்கும் ரப்பர் கப் சீல் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னோக்கி நழுவுகிறது. அது காற்றெடுத்து ஆற்றக்கூடிய குறை அல்ல.

நேரத்தையும் கேளுங்கள். நீண்ட இறக்கத்திலோ தொடர்ந்து பிரேக் போட்ட பிறகோ பெடல் தளர்ந்து, வண்டி ஆறியதும் தானே இறுகிவிட்டால், அது நீராவி. கிளைக்கால் (glycol) வகை பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டப்பாவில் டாட் (DOT) என்று குறிக்கப்படும் தர வகைகளில், டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140, டாட் 4 ஆயிலுக்கு 230, 155, டாட் 5.1 ஆயிலுக்கு 260, 180. ஈரத்துக்கான இந்தச் சோதனை அளவு சுமார் 3.7 விழுக்காடு நீர். கொதித்த குமிழ் ஆறினால் மறுபடி திரவமாகிவிடும் என்பதால், மறுநாள் நிப்பிளை (ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றெடுக்கத் திறக்கும் சிறு திருகை) திறந்தால் ஒரு குமிழும் வராது. ஆனால் அன்று புதிய ஆயில் ஊற்றியதால் கொதிநிலை உயர்ந்து, "காற்று போய்விட்டது" என்ற மயக்கம் உண்டாகும். இங்கே தேட வேண்டியது ஆயிலின் வயதும், பிரேக்கை விடாமல் பிடித்துச் சூடாக்கும் காலிப்பரும் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) தான். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாச் சக்கரங்களும் சேர்ந்து பிடித்தால், பூஸ்டரின் தள்ளுதண்டு நீளமாக வைக்கப்பட்டு, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் துளையை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

வளைவிலோ குண்டும் குழியுமான பாதையிலோ போன பின் முதல் மிதி மட்டும் ஆழமாகப் போய், அடுத்த மிதி சரியாக இருந்தால், சக்கர பேரிங் ஆட்டத்தையும் டிஸ்க்கின் கோணலையும் அளந்து பாருங்கள். ஆடும் டிஸ்க் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கோணலுக்கான வரம்பு பெரும்பாலான வண்டிகளில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சரியான எண் அந்தந்த வண்டியின் பழுதுநீக்கும் கையேட்டில் இருக்கும். சரிந்து தேய்ந்த பேடு, இறுகிய காலிப்பர் ஊசி, ஊதிக்கொள்ளும் பழைய ரப்பர் ஹோஸ் ஆகியவையும் பஞ்சுத்தன்மையைத் தரும். ஹோஸைக் கையால் தொட்டுக்கொண்டிருக்கையில் இன்னொருவரைப் பெடலை மிதிக்கச் சொன்னால் ஊதுவது விரலுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: தொட்டியைத் திறந்து பார்த்தல்

ஆயில் மட்டம் எங்கே இருக்கிறது, அது குறைகிறதா என்பதைக் குறித்துவையுங்கள். பேடு தேயத் தேய மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. ஆனால் இரண்டு சுற்றுகளை, அதாவது தனித்தனி ஆயில் பாதைகளை, கொண்ட மாஸ்டர் சிலிண்டரின் தொட்டி உள்ளே தடுப்புச்சுவரால் பிரிக்கப்பட்டிருக்கும். வெளியே தெரியும் பக்கம் போதுமான அளவு இருக்கையில், மறுபக்கம் காலியாகி, மேட்டிலும் திருப்பத்திலும் துளை வெளிப்பட்டுக் காற்றை விழுங்கக்கூடும். டார்ச் அடித்து இரு அறைகளையும் பாருங்கள். தொட்டியை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருக்கின்றனவா என்பதையும் இதே வேளையில் பார்த்துவிடலாம்.

மூடியின் ரப்பர் உப்பி, பெரிதாகி, மீண்டும் உட்காராமல் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். யாரோ தவறுதலாகப் பெட்ரோலிய எண்ணெயை, பெரும்பாலும் ஸ்டியரிங் ஆயிலை, ஊற்றியிருக்கிறார்கள். பிரேக்கின் ரப்பர் அதில் ஊறினால் உப்பிக் கெடும்; அதன்பின் குழாய்களைக் கழுவி, ரப்பர் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் மாற்றுவதைத் தவிர நம்பத்தக்க வழி இல்லை. சிலிகானால் ஆன டாட் 5 ஆயில் இருந்தாலும் கவனம் வேண்டும்: அது காற்றைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், மற்ற வகைகளோடு கலக்கவும் கூடாது. பெயர் ஒத்திருப்பதால் டாட் 5.1 ஆயிலை இதே இனம் என்று எண்ணிவிடாதீர்கள். அது கிளைக்கால் வகை.

மூன்றாம் படி: பீய்ச்சல் சோதனை

ஐந்து நிமிடம், ஓர் உதவியாளர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, சுற்றிலும் துணி ஆகியவை போதும். தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து, என்ஜின் ஓடாத நிலையில், உதவியாளர் பெடலை இருபது முறை போல விரைவாக மிதித்து, கடைசி மிதியை அழுத்திப் பிடித்து, சட்டென்று காலை எடுக்கட்டும். பெடலை விட்டதும் தொட்டிக்குள் சிறு சுழிப்பு எழுவது இயல்பு. ஆனால் ஆயில் ஊற்று போல மேலே பீய்ச்சினால், அழுத்தப்பட்டிருந்த காற்று விரிந்து ஆயிலைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. எந்த அறையிலிருந்து பீய்ச்சுகிறதோ, அந்தச் சுற்றில் காற்று இருக்கிறது. வண்டியின் சுற்று முன், பின் என்று பிரிந்ததா, குறுக்காக (ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் சேர்ந்து) பிரிந்ததா என்பது தெரிந்திருந்தால், தேடும் இடம் ஒரே அடியில் பாதியாகக் குறைந்துவிடும். இவ்வளவு எளிய சோதனை ஏன் அரிதாகச் செய்யப்படுகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான்காம் படி: பகுதி பகுதியாகப் பிரித்தல்

விளிம்பு மழுங்கிய, ஹோஸுக்கென்றே செய்யப்பட்ட கிளாம்ப்களால் நான்கு சக்கர ரப்பர் ஹோஸ்களையும் மெல்ல நெரித்துப் பெடலை மிதியுங்கள். பல் உள்ள கருவியால் நெரித்தால் உட்புறம் கிழியும். இரும்பு வலை சுற்றிய ஹோஸையும், வெடிப்பு விழுந்த பழைய ஹோஸையும் நெரிக்கவே கூடாது. பெடல் உயரத்தில் இறுகி நின்றால், கோளாறு கிளாம்ப்களுக்கு அப்பால், சக்கரங்களின் பக்கம் இருக்கிறது. இனி ஒவ்வொரு கிளாம்பாக எடுங்கள். எதை எடுத்ததும் பெடல் அளவுக்கு மீறி இறங்குகிறதோ அந்தச் சக்கரம்தான் சந்தேகத்துக்குரியது. காலிப்பருக்கும் டிரம்முக்கும் இயல்பாகவே சிறிது ஆயில் தேவைப்படும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இடதையும் வலதையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.

நான்கையும் நெரித்த பின்னும் பஞ்சாகவே இருந்தால், காற்று மாஸ்டர் சிலிண்டரிலோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டியிலோ, இடையிலுள்ள குழாயிலோ இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாய்களிலிருந்து குழாய்களைக் கழற்றி, அதே மரை கொண்ட அடைப்பான்களால் மூடி, அங்கே காற்றெடுத்து மிதியுங்கள். பெடல் மேலேயே கல்லாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மாஸ்டர் சிலிண்டர்தான் குற்றவாளி: அதன் சீல் கெட்டிருக்கலாம், அல்லது புதிதாகப் பொருத்தியபோது வெளியே வைத்து ஆயில் நிரப்பிக் காற்றெடுக்காமல் பூட்டியிருக்கலாம். சாய்வாக அமர்ந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மேல்முனையில் குமிழ் நிலையாகத் தங்கிவிடும். வண்டியின் அந்தப் பக்கத்தைத் தாழ்த்தியோ உயர்த்தியோ அதைத் துளையை நோக்கி ஏறவைக்கலாம்.

ஐந்தாம் படி: அளவீடாக ஒரு காற்றெடுப்பு

சந்தேகச் சக்கரம் ஓரளவு தெரிந்த பிறகு, முதன்முறையாக நிப்பிளைத் திறக்கிறோம். ஒளி ஊடுருவும் குழாயின் ஒரு முனையை நிப்பிளிலும், மறுமுனையைப் புட்டியில் உள்ள ஆயிலுக்குள் மூழ்குமாறும் வையுங்கள். குழாய் முதலில் மேல்நோக்கி எழுந்து பிறகு இறங்க வேண்டும். உதவியாளர் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நிப்பிளைத் திறந்து, பெடல் அடியை நெருங்கும் முன்பே மூடி, அதன் பிறகே காலை எடுக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை ஒரு கணம் பிசகினாலும் நாமே காற்றை உள்ளே இழுத்துவிடுவோம். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, அது முழுத் தூரம் போகாமல் தடுங்கள். சீல் அன்றாடம் தொடாத, துருவோ அழுக்கோ படிந்த பகுதிக்குள் நுழைந்தால் கிழிந்துபோகும்.

எந்தச் சக்கரம், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மிதியில் குமிழ் நின்றது, பெரிய குமிழா அல்லது நுரையா என்று தாளில் எழுதுங்கள். விரைவாக மிதித்தால் பெரிய குமிழ் உடைந்து நுரையாகிக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் அரைமணி நேரம் விட்டுவிட்டுத் தொடருங்கள். உறிஞ்சும் பம்பு கொண்டு காற்றெடுப்பவர்கள் முடிவில்லாமல் சிறு குமிழ்களைக் காண்பது சகஜம். அவை பெரும்பாலும் திறந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று நுழைவதால் வருபவை. அளவீட்டுக்கு உறிஞ்சும் முறையைத் தவிர்ப்பதே நல்லது.

இதன்பின் ஒன்றையும் மாற்றாமல் காத்திருக்க வேண்டும். சாலைக்குக் கொண்டுபோகாமல், நிறுத்திய இடத்திலேயே நாள்தோறும் பெடலை நூறு முறை விரைவாக மிதித்து விடுவதை ஒரு வாரம் செய்து, மறுபடி அதே முறையில் நான்கு சக்கரங்களையும் அளந்தால், எந்த நிப்பிளில் புதிய குமிழ் வருகிறது என்று தாளே சொல்லிவிடும். கிளாம்ப் சோதனை சந்தேகத்தைத் தந்தது என்றால், இந்தத் தாள் உறுதியைத் தருகிறது.

ஆயில் கசியாமல் காற்று மட்டும் எப்படி நுழையும்?

காற்று வருகிற இடத்தில் ஆயில் வெளியே வந்தே தீர வேண்டும் என்ற நம்பிக்கைதான் தேடலை அதிகமாகத் திசைதிருப்புகிறது. டிரம் பிரேக்கில் ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரை எண்ணிப் பாருங்கள். அதன் ரப்பர் கப்பின் விளிம்பு உள்நோக்கி விரிந்திருக்கும். மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தமே விளிம்பைச் சுவரோடு ஒட்ட அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகுகிறது. பெடலைச் சட்டென்று விடும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயில் திரும்புவதைவிட வேகமாகப் பின்வாங்க, குழாயினுள் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது. அந்தக் கணத்தில், தேய்ந்த அல்லது விறைத்த விளிம்பு சுவரை விட்டு விலகி, காற்றை ஒரு மடக்கு குடிக்கிறது. அடுத்த மிதியில் மறுபடி இறுகிக்கொள்கிறது. தரையில் ஒரு சொட்டும் விழாது.

இதைத் தடுக்கவே பழைய டிரம் அமைப்புகளில் குழாயினுள் சுமார் 0.7 பார் அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வும், பிற்காலத்தவற்றில் கப்புகளின் விளிம்பை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் உலோகத் தட்டும் ஸ்பிரிங்கும் வைக்கப்பட்டன. வீல் சிலிண்டரைப் பிரித்துப் பூட்டியவர் அந்தச் சிறு தட்டைத் தேவையற்றதென்று எறிந்திருந்தால், அன்றிலிருந்தே காற்றுத் தொல்லை தொடங்கும். கோளாறு எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன வேலை நடந்தது என்ற கேள்வியை விடாமல் கேட்க வேண்டியது இதனால்தான். டிரம்மைக் கழற்றி, தூசுமூடியின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். லேசான ஈரக்கசிவை மன்னிக்கலாம். ஆயில் தேங்கி நின்றாலோ, உட்சுவரில் குழிகள் தெரிந்தாலோ, இரு பக்கமும் மாற்றுங்கள்.

நிப்பிள் மேலே இருக்கிறதா என்பதை ஒரே பார்வையில் தீர்த்துவிடலாம். காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். மேலே நிற்கும் குமிழ் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வெளியே வராது. இது நுழையும் காற்று அல்ல, போகாத காற்று.

குழாய் இணைப்புகளில் இருவகை முனைகள் உண்டு: இரட்டை மடிப்பு, குமிழ் வடிவம். ஒன்றை மற்றதற்கான இருக்கையில் வைத்து இறுக்கினால் மிதிக்கும்போது தாங்குவது போலத் தோன்றும், விடும்போது மூச்சுவிடும். காலிப்பரில் ஹோஸ் சேரும் இடத்திலுள்ள செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

மட்டம் தொடர்ந்து குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்சீல் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் இழுக்கப்படுகிறது. மாஸ்டர் சிலிண்டரின் இரு நட்டுகளைத் தளர்த்தி, குழாயை வளைக்காமல் சற்று முன்னே இழுத்து, பின்முகத்தைத் துணியால் தொட்டால் தெரிந்துவிடும். பெட்ரோல் என்ஜினில் அந்த ஆயில் உள்ளிழுக்கப்பட்டு எரிந்து வெண்புகையாக வருவதும் உண்டு.

ஏபிஎஸ் பெட்டியின் கதை தனி. சாதாரணமாகப் பிரேக் போடும்போது அதன் வெளியேற்று வால்வுகள் மூடியே இருப்பதால், பம்பும் அதையொட்டிய சிறு தேக்கமும் ஆயில் ஓட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்கின்றன. தொட்டி ஒரு முறை முழுதும் வற்றியிருந்தால் அங்கே காற்று புகுந்திருக்கலாம். நிப்பிளில் எவ்வளவு வடித்தாலும் அது அசையாது. பிறகு ஒருநாள் வழுக்கும் சாலையில் ஏபிஎஸ் இயங்கியதும், பம்பு அந்தக் காற்றை முதன்மைக் குழாய்க்குத் தள்ளிவிட, பெடல் மறுபடி பஞ்சாகிறது. "நாள் கணக்கில்" திரும்பாமல், "திடீர் பிரேக்குக்குப் பின்" திரும்பும் காற்று என்றால் இதைச் சந்தேகியுங்கள். வால்வுகளையும் பம்பையும் இயக்கவல்ல ஸ்கேனரை இணைத்துக்கொண்டு காற்றெடுக்க வேண்டும்.

பின்னச்சின் மேல் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள பிக்கப், வேன்களில், உடலைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டால் வண்டி காலியாக இருப்பதாக எண்ணி அந்த வால்வு ஓட்டத்தைக் குறைத்துவிடும். அச்சைத் தாங்கிகளில் நிறுத்தி, சுமை ஏறிய நிலையில் காற்றெடுங்கள்.

ஆறாம் படி: இரவு முழுதும் அழுத்தம்

எதுவும் பிடிபடவில்லையென்றால், பெடலுக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு தடியை வைத்து, மிதமான அழுத்தத்தில் இரவு முழுதும் விடுங்கள். பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இணைப்புக்கும் அடியில் காகித அட்டை விரியுங்கள். காலையில் தடி தளர்ந்திருந்தால் அழுத்தம் எங்கோ போயிருக்கிறது. அட்டையில் கறை இல்லையென்றால் அது மாஸ்டர் சிலிண்டருக்குள் நழுவியிருக்கிறது. மாறாக, அழுத்தம் குறையாமல் நின்று, வாராந்தர அளவீட்டில் மட்டும் குமிழ் வந்தால், குறை மிதிக்கும் வேளையில் இல்லை, விடும் வேளையில் இருக்கிறது: வீல் சிலிண்டர் கப், இணைப்பு முனை, நிப்பிளின் அடியிருக்கை ஆகிய மூன்றையும் அந்த ஒரு சக்கரத்தில் மாற்றுங்கள்.

பழுது நீக்கிய பின், கையேடு சொல்லும் வரிசையில் முழுமையாகக் காற்றெடுங்கள். தூரச் சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கமே தவிர எல்லா வண்டிக்கும் விதி அல்ல. குறுக்குச் சுற்று வண்டிகளுக்கு வேறு வரிசை இருக்கலாம். திறந்து நாளான டப்பாவின் ஆயிலையும், வடித்ததையும் திரும்ப ஊற்றாதீர்கள். பெடலின் உயரத்தை அளவுகோலால் குறித்துவிட்டு, வெற்றுவெளியில் மெதுவான வேகத்தில் சோதித்து, இரண்டு வாரம் கழித்துச் சந்தேகச் சக்கரத்தின் நிப்பிளை மட்டும் திறந்து, பழைய தாளிலேயே அடுத்த வரியை எழுதுங்கள்.